சீசியம்: வெடிச் சத்தத்தில் அமுங்கிப்போன வேதியியல்

குளியல் தொட்டியில் தண்ணீர் நிரப்பி வைத்திருக்கிறார்கள். அதில் ருபிடியத்தைப் போடுகிறார்கள். பிறகு சீசியத்தைப் போடுகிறார்கள். பெருஞ் சத்தத்துடன் தொட்டி தூள் தூளாகச் சிதறுகிறது. 'பிரெய்னியாக்' என்னும் பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடரில் வந்த காட்சி இது. 2003இல் தொடங்கிய அத்தொடர் முடிந்து பல ஆண்டுகள் ஆகியும், இக்காட்சியை இன்றும் பள்ளி மாணவர்கள் பார்த்து வியக்கிறார்கள். வாசகர்களில் சிலரும் பார்த்திருப்பீர்கள்.

அந்த வெடிப்பு போலியானது. எதிர்பார்த்த வேகம் கிடைக்காததால் வெடிமருந்து வைத்துத் தொட்டியைத் தகர்த்தார்கள் என்ற செய்தியை, 2006இல் 'கார்டியன்' நாளிதழில் அறிவியல் பத்தி எழுதிவந்த பென் கோல்டேக்கர் வெளிப்படுத்தினார். செய்தி வந்தது, ஆனால் படம் நிற்கவில்லை. இன்றும் அது உலவுகிறது.

பொய் சொன்னார்கள் என்பது ஒரு குற்றம். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறொன்று. அந்தப் பொய்யை ஒரு மேனிலைப் பள்ளி மாணவன் காகிதத்தில் கணக்குப் போட்டே சந்தேகித்திருக்கலாம். வாருங்கள், போட்டுப் பார்ப்போம். லித்தியத்தின் அணு எடை ஏறத்தாழ 7. சீசியத்தின் அணு எடை 133. இரண்டுமே ஓர் அணுவுக்கு ஓர் எலெக்ட்ரானைத்தான் இழக்கின்றன. எனவே 1 கிராம் லித்தியம் நீருடன் வினைபுரிந்தால் திட்ட வெப்ப அழுத்த நிலையில் சுமார் 1.6 லிட்டர் ஹைட்ரஜன் வெளிவரும். 1 கிராம் சீசியத்திலிருந்து வருவதோ சுமார் 84 மில்லி லிட்டர்தான். பத்தொன்பதில் ஒரு பங்கு! வெளிப்படும் வெப்பத்தைப் பார்த்தாலும் மோலுக்கு மோல் லித்தியமே சற்று முந்தி நிற்கிறது.

அப்படியானால் சீசியம் ஏன் அவ்வளவு மூர்க்கமாக வினைபுரிகிறது? வேகம்தான் காரணம். 28.4 டிகிரி செல்சியஸிலேயே அது உருகிவிடும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் குப்பிக்குள் திரவமாகவே இருக்கும். நீரைப்போல் ஏறக்குறைய இருமடங்கு அடர்த்தி உள்ளதால் லித்தியம், சோடியம்போல மிதக்காமல் அமிழ்ந்துபோகும். வெளிச்சுற்று எலெக்ட்ரானை மிக எளிதில் விட்டுவிடும். சோடியம்–பொட்டாசியக் கலவையை அதிவேகக் கேமராவில் படமெடுத்த செக் நாட்டு ஆராய்ச்சியாளர் பாவெல் யுங்விர்த்தின் குழுவினர், 2015இல் இன்னும் சுவையான விளக்கம் தந்தார்கள். எலெக்ட்ரான்கள் ஒரு நொடியின் மிகச் சிறு பகுதிக்குள் நீருக்குள் பாய்ந்துவிட, எஞ்சிய நேர்மின் அயனிகள் ஒன்றையொன்று தள்ளுகின்றன. உலோகத்துளி முள்முள்ளாகப் பிதுங்கி வெடிக்கிறது என்று அவர்கள் கண்டார்கள். இவ்வளவு நல்ல விஷயம் இருக்க, தொட்டிக்கு அடியில் வெடிமருந்து எதற்கு?

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். சீசியத்தைப் பற்றி நமக்குக் கிடைக்கும் எழுத்துக்களையும் படங்களையும் தொகுத்துப் பாருங்கள். அவற்றில் மூன்றே மூன்று செய்திகள் திரும்பத் திரும்ப வரும். தண்ணீரில் வெடிக்கும், அணுக்கடிகாரத்தில் பயன்படும், கதிரியக்கம் உள்ளது, ஆபத்தானது. மூன்றுமே தனிமத்தைப் பற்றியவை. சீசியத்தின் சேர்மங்களைப் பற்றி ஒரு வரி, அதுவும் 'பல தொழில்களில் பயன்படுகிறது' என்று முடியும் வரி. ஆனால் உலகில் பயன்படும் சீசியத்தில் மிகப் பெரும் பகுதி உலோகமாகப் பயன்படுவதே இல்லை, சேர்மமாகத்தான் பயன்படுகிறது. தாழ்ப்பாளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு வீட்டைப் பற்றி எழுத மறந்த கதைதான் இது.

அந்த மூன்றிலும் கூடக் குழப்பம் உண்டு. கடிகாரத்தில் இருப்பது கதிரியக்கச் சீசியம் என்று நம்புகிறவர்கள் ஏராளம். இல்லை. இயற்கையில் கிடைக்கும் சீசியம் முழுவதும் சீசியம்-133 என்ற ஒரே வகை, அது கதிரியக்கமற்றது. அதன் அணு 9,192,631,770 முறை அலைவுறும் காலமே ஒரு வினாடி என்று 1967இல் வரையறுத்தார்கள். புது தில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடம் இந்திய நேரத்தைக் காப்பதும் இத்தகைய கடிகாரங்களைக் கொண்டே. அணு உலையில் பிறக்கும் சீசியம்-137 வேறு. ஒரே தலைப்பின்கீழ், அடுத்தடுத்த பத்திகளில், இந்த வேறுபாட்டைச் சொல்லாமலே இரண்டையும் எழுதிவிட்டுப் போகிற கட்டுரைகளை என்னவென்பது!

சேர்மங்களைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு செய்தியை மனத்தில் வைத்தால் போதும். சீசியம் அயனி உடல் பெருத்தது, மின்னூட்டமோ ஒன்றுதான். பெரிய பந்தின்மேல் சிறிதளவே மின்னூட்டம் பரவியிருப்பதால் அது எதிர் அயனிகளை இறுகப் பற்றுவதில்லை. நீர் மூலக்கூறுகளையும் இறுகப் பற்றுவதில்லை. எனவே அதன் உப்புகளில் பல நீரில் வியப்பூட்டும் அளவுக்குக் கரைகின்றன. சில, கரிமக் கரைப்பான்களிலும் கரைகின்றன. மருந்துத் தயாரிப்பில் வேதியியலார் பொட்டாசியம் கார்பனேட்டை விட்டுச் சீசியம் கார்பனேட்டைத் தேடிப்போவது இதனால்தான். கூடவே அணு எடை அதிகம். கரைதிறன், கனம் ஆகிய இவ்விரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும்?

எண்ணெய்க் கிணறு தோண்டுவோரிடம் கேளுங்கள். பல ஆயிரம் அடி ஆழத்தில் எண்ணெயும் வாயுவும் பேரழுத்தத்தில் அடைபட்டிருக்கும். துளையிடும்போது அவை பீறிட்டு வராமல் தடுக்க, துளை முழுவதும் கனமான திரவம் நிரம்பியிருக்க வேண்டும். வழக்கமாக இதற்குப் பாரைட் என்னும் கனிமத்தை மாவாக அரைத்துச் சேறாகக் குழைத்து ஊற்றுவார்கள். (ஆந்திரத்தில் மங்கம்பேட்டையில் மலைபோல் கிடைப்பது இந்தக் கனிமந்தான்.) ஆனால் சேறு சேறுதான். வெப்பம் மிகுந்த ஆழமான கிணறுகளில் மாவு அடியில் படியும். பாறையின் நுண்துளைகளை அடைக்கும். திடத்துகளே இல்லாத கனமான திரவம் வேண்டும். ஃபார்மிக் அமிலத்தின் உப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள். சோடியம் ஃபார்மேட்டின் செறிந்த கரைசலுக்கு அடர்த்தி சுமார் 1.3, பொட்டாசியம் ஃபார்மேட்டுக்குச் சுமார் 1.6, சீசியம் ஃபார்மேட்டுக்கோ சுமார் 2.3! தெளிந்த நீர்போல் இருக்கும், ஆனால் அதே அளவு தண்ணீரைவிட இருமடங்குக்கு மேல் எடை. 1990களின் இறுதியிலிருந்து வட கடலின் ஆழ்கிணறுகளில் இது பயன்படுகிறது. அதற்குமுன் இந்த வேலைக்கு வந்த துத்தநாக புரோமைடு கரைசல் இரும்பை அரிக்கும், தோலைச் சுடும். சீசியம் ஃபார்மேட்டில் அந்தத் தொல்லை மிகக் குறைவு.

விலைதான் கொஞ்ச நஞ்சமல்ல. ஆகவே இதை யாரும் விலைக்கு வாங்குவதில்லை, வாடகைக்கு எடுக்கிறார்கள்! கிணற்று வேலை முடிந்ததும் திரவத்தை வெளியேற்றிச் சுத்தம் செய்து திருப்பிக் கொடுக்கிறார்கள். குறைந்துபோன அளவுக்குப் பணம் கட்டுகிறார்கள். கல்யாண வீட்டுப் பாத்திரம் மாதிரி. வேதிப்பொருள் ஒன்று இப்படி வாடகைக்குப் போவது பாடநூலில் ஒரு பெட்டிச் செய்தியாக வந்திருந்தால் எந்த மாணவன் மறப்பான்? சீசியத்தின் முதன்மையான தொழிற்பயன் இது. எத்தனை கட்டுரைகளில் பார்த்தீர்கள்?

அடுத்து, கந்தக அமிலம். தொடுமுறையில் கந்தக டை ஆக்சைடை டிரை ஆக்சைடாக மாற்றும் வினையூக்கி வனேடியம் பென்டாக்சைடு என்று நீங்கள் மனப்பாடம் செய்திருப்பீர்கள். அது பாதி உண்மை. உண்மையில் தொழிற்சாலையில் வேலை செய்வது, நுண்துளைகள் கொண்ட சிலிக்கா மணிகளின்மேல் உருகிப் படர்ந்திருக்கும் மெல்லிய உப்புப் படலம். பொட்டாசியம் முதலிய கார உலோகங்களின் பைரோசல்பேட்டும் அதில் கரைந்த வனேடியமும் சேர்ந்தது அது. இந்த வினை வெப்பத்தை உமிழும் வினை. ஆகையால் வெப்பநிலை குறையக் குறைய மாற்றம் முழுமையடையும். ஆனால் வெப்பநிலை மிகவும் குறைந்தால் வனேடியம் நான்கு இணைதிறச் சேர்மமாகப் பிரிந்து படிந்துவிடும், வினையூக்கி உறங்கிப்போகும். சாதாரண வினையூக்கிக்கு வாயு ஏறத்தாழ 400 முதல் 420 டிகிரி வெப்பத்தில் வந்தாக வேண்டும். பொட்டாசியத்தின் ஒரு பகுதியை நீக்கிச் சீசியத்தைச் சேர்த்தால், 370 முதல் 390 டிகிரியிலேயே அது விழித்திருக்கும். முப்பது டிகிரி என்ன பெரிது என்று கேட்கலாம். அந்த முப்பது டிகிரியில்தான் புகைபோக்கி வழியே ஊரின்மேல் போகும் கந்தக டை ஆக்சைடு குறைகிறது. ஆலைக்கு அருகில் குடியிருப்பவருக்கு அது பெரிதுதான்.

நம் உடம்பின்மேலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. பாலியெஸ்டர் கலந்த சட்டை அணிந்திருக்கிறீர்களா? அந்த இழைக்கு வேண்டிய எத்திலீன் கிளைக்கால், எத்திலீன் ஆக்சைடிலிருந்து வருகிறது. எத்திலீனை வெள்ளியின்மேல் ஆக்சிஜனுடன் செலுத்தி எத்திலீன் ஆக்சைடு ஆக்குகிறார்கள். தொல்லை என்னவென்றால், எத்திலீனில் ஒரு பகுதி வழியிலேயே எரிந்து கார்பன் டை ஆக்சைடாகி வீணாகிறது. வெள்ளியைத் தாங்கும் அலுமினாவில் சிறிதளவு சீசியம் உப்பைச் சேர்த்தால் இந்த வீண் குறைகிறது. எவ்வளவு சேர்க்கிறார்கள் தெரியுமா? பத்து லட்சத்தில் சில நூறு பங்குகள்! அலுமினாவின் மேற்பரப்பிலுள்ள அமிலத் தன்மை கொண்ட இடங்களில் எத்திலீன் ஆக்சைடு அசிட்டால்டிஹைடாக உருமாறி எரிந்துபோகும். சீசியம் அந்த இடங்களை அடைத்துவிடுகிறது என்பது ஒரு விளக்கம். சட்டையில் சீசியம் இராது. ஆனால் சீசியத்தைத் தொட்டு வராத பாலியெஸ்டர் இன்று அரிது.

மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்கிறேன். சீசியம் ஆக்சைடு படிந்த வெள்ளித்தகடு ஒளி பட்டதும் எலெக்ட்ரானை உமிழும். பழைய திரையரங்குகளில் படச்சுருளின் ஓரத்து ஒலிக்கோட்டைப் 'படித்து' வசனமாகவும் பாட்டாகவும் மாற்றியது அத்தகைய ஒளிமின்கலந்தான். இன்றைய மருத்துவமனையில் படச்சுருள் இல்லாமல் எக்ஸ்-கதிர்ப் படம் எடுக்கும் தட்டையான பலகையில் சீசியம் அயோடைடு ஊசி ஊசியாக வளர்ந்திருக்கிறது. கதிர் பட்ட இடத்தில் எழும் ஒளியை அந்த ஊசிகள் சிதறவிடாமல் கீழே இறக்குகின்றன. 1958இல் மெசல்சனும் ஸ்டாலும் டி.என்.ஏ. எவ்வாறு இரட்டிக்கிறது என்று நிறுவியதற்குக் கருவியாக இருந்தது, அதிவேகமாகச் சுழற்றப்பட்ட சீசியம் குளோரைடு கரைசல். உயிரியல் பாடத்தில் இச்சோதனை வருகிறது. ஏன் சீசியம் குளோரைடு, ஏன் சாதாரண உப்பு கூடாது என்ற கேள்விதான் வருவதில்லை. டி.என்.ஏ. மிதப்பதற்குச் சுமார் 1.7 அடர்த்தி வேண்டும். சமையல் உப்பை எவ்வளவு கரைத்தாலும் 1.2ஐத் தாண்டாது!

சீசியம் குளோரைடு என்றதும் பாடநூல் நினைவுக்கு வருகிறது. அதன் படிகத்தைப் 'பொருள் மையக் கனசதுரம்' என்று எழுதும் நூல்கள் பல. ஒரு நடுவில் சீசியம், எட்டு மூலைகளில் குளோரைடு என்ற படத்தைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் பொருள் மையம் என்று சொல்ல வேண்டுமானால் நடுவிலும் மூலையிலும் ஒரே வகைத் துகள் இருக்க வேண்டும். இங்கே இரண்டும் வேறு. ஆகவே இது எளிய கனசதுர அணிக்கோவைதான். உண்மையில் பொருள் மையக் கனசதுரமாக இருப்பது சீசியம் உலோகம்! தனிமத்தின் இலக்கணத்தைச் சேர்மத்தின்மேல் ஏற்றிவிடும் அதே பழக்கம் இங்கேயும் வேலை செய்கிறது. தேர்வில் இதற்கு மதிப்பெண்ணும் போடுகிறார்கள் என்பதுதான் வருத்தம்.

வரலாற்றுப் பகுதியிலும் ஒரு குறை. 1860இல் புன்சனும் கிர்க்காஃபும் டுர்க்ஹைம் ஊற்றுநீரை நாற்பது டன்னுக்கு மேல் வற்றவைத்து, நிறமாலையில் இரு நீலக்கோடுகளைக் கொண்டு சீசியத்தைக் கண்டார்கள் என்பதை எல்லாரும் எழுதுகிறார்கள். எழுத வேண்டியதுதான். அதற்குப் பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பே சீசியத்தைக் கையில் வைத்திருந்தும் அறியாமல் போன பிளாட்னரை யாரும் நினைப்பதில்லை. ஜெர்மானியரான அவர் 1846இல் எல்பாத் தீவிலிருந்து வந்த ஒரு கனிமத்தைப் பகுத்தார். எல்லாவற்றையும் கூட்டினால் நூறு வரவில்லை. 93 அளவில் நின்றது. மறுபடி செய்து பார்க்கக் கனிமமும் மிச்சமில்லை. கிடைத்த உண்மையான எண்ணை அப்படியே வெளியிட்டார். 1864இல் பிசானி அதே கனிமத்தை ஆராய்ந்தபோது புதிர் அவிழ்ந்தது. பிளாட்னர் பொட்டாசியம் என்று கணக்கிட்டதெல்லாம் சீசியம். 39க்குப் பதில் 133ஐ வைத்துக் கணக்கிட்டதும் கூட்டுத்தொகை சரியாயிற்று. அந்தக் கனிமம் பொல்லுசைட். கனடாவின் மானிடோபா மாநிலத்து டான்கோ சுரங்கத்திலும் ஜிம்பாப்வேயின் பிகிட்டாவிலும் தோண்டப்பட்டது அதுவே. ஆய்வுக்கூடத்தில் 'விடை வரவில்லை' என்று எண்ணைத் திருத்தி எழுதும் மாணவர்களுக்குப் புன்சனைவிடப் பிளாட்னர்தான் அதிகம் தேவைப்படுகிறார் என்பது என் எண்ணம்.

இவையெல்லாம் விட்டுப்போனால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்பவர்களுக்கு பிரேசில் நாட்டு கோயானியா நகரத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். 1987 செப்டம்பர் 13ஆம் நாள். கைவிடப்பட்ட ஒரு புற்றுநோய்ச் சிகிச்சை நிலையத்திலிருந்து, பழைய இரும்புக்கு விற்கலாம் என்று இருவர் ஒரு கருவியின் தலைப்பகுதியைக் கழற்றி எடுத்துப்போனார்கள். அதன் உட்குமிழில் 93 கிராம் பொடி இருந்தது. இருட்டில் அது நீலமாக ஒளிர்ந்தது. பழைய பொருள் வாங்குபவர் அதை வீட்டுக்கு எடுத்துச்சென்றார்; உறவினர்களையும் நண்பர்களையும் அழைத்துக் காட்டினார்; அரிசி மணி அளவுத் துணுக்குகளைப் பகிர்ந்து கொடுத்தார். சிலர் மினுமினுப்புக்காக உடம்பில் பூசிக்கொண்டார்கள். பொடிபட்ட கையுடன் ஒரு சிறுமி உணவு உண்டாள். கதிரியக்கம் என்று அறியவே இரண்டு வாரங்களுக்கு மேல் ஆயிற்று. சிறுமி உட்பட நால்வர் இறந்தனர். 1,12,000 பேருக்கு மேல் சோதிக்கப்பட்டதில், 249 பேரிடம் பொடி ஒட்டியோ உள்ளே சென்றோ இருந்தது.

அந்தப் பொடி சீசியம் குளோரைடு. செய்திகள் அனைத்தும் 'சீசியம்' என்றே எழுதின. இன்றும் அப்படியே எழுதுகின்றன. கதிரை உமிழ்ந்தது சீசியம்-137 என்பது உண்மை. ஆனால் அது வீடு வீடாகப் பரவியதும், வியர்வையில் கரைந்து கையில் ஒட்டியதும், உணவுடன் குடலுக்குள் சென்றதும் அந்தச் சேர்மத்தின் குணத்தால் நடந்தவை. எளிதில் தயாரிக்கலாம், சிறு குமிழுக்குள் மிகுந்த கதிரியக்கத்தை அடைக்கலாம் என்பதற்காக, நீரில் தாராளமாகக் கரையும் ஒரு பொடியை மருத்துவக் கருவிக்குத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். சர்வதேச அணுசக்தி முகமை 1988இல் வெளியிட்ட அறிக்கையில், கதிர்மூலத்தின் இயற்பியல், வேதியியல் வடிவத்தை உரிமம் வழங்கும்போதே கவனிக்க வேண்டும் என்று கூறியது. தனிமத்தின் பெயரை மட்டும் படித்த வாசகனுக்கு அந்த வாக்கியத்தின் பொருள் விளங்குமா?

சிகிச்சையிலும் வேதியியலே கைகொடுத்தது. சீசியம் அயனி உடலில் பொட்டாசியம்போல நடமாடும். தசைகளில் போய்ச் சேரும். குடலுக்குள் சுரந்து மீண்டும் உறிஞ்சப்படும். ஓவியர்களும் சாயக்காரர்களும் நெடுங்காலமாக அறிந்த பிரஷ்ய நீலம் என்ற இரும்புச் சேர்மத்தை மாத்திரையாகக் கொடுத்தால், குடலில் அது சீசியத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு மலத்துடன் வெளியேறிவிடும். உடலிலுள்ள சீசியம் பாதியாகக் குறையச் சுமார் 110 நாள் ஆகும் என்பது இதனால் 30 நாளாகச் சுருங்கும். கோயானியாவில் 46 பேருக்கு இது கொடுக்கப்பட்டது.

இப்போது நம் நாட்டுச் செய்தி ஒன்று. மும்பையில் திராம்பேயிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி மையத்தில், அணு உலைக் கழிவிலிருந்து சீசியம்-137ஐப் பிரித்தெடுத்து, குளோரைடாக விடாமல் கண்ணாடியோடு உருக்கி வார்த்து, எஃகு உறைக்குள் பென்சில்போல் அடைக்கிறார்கள். கதிர் அதே கதிர்தான். அரை ஆயுட்காலமும் அதே 30 ஆண்டுதான். உறையைத் திறந்தால் கண்ணாடியாலும் உயிருக்கு ஆபத்து உண்டு. ஆனால் கண்ணாடி பொடியாகக் கையில் ஒட்டாது, நீரில் உப்புப்போல் கரையாது. நோய் எதிர்ப்பு ஆற்றல் குன்றிய நோயாளிக்கு ஏற்றும் இரத்தத்தில், கொடையாளியின் வெள்ளணுக்கள் பெருகி நோயாளியையே தாக்காதபடி, அந்த இரத்தத்தின்மேல் முன்கூட்டியே கதிர் பாய்ச்சும் கருவிகளில் இந்தப் பென்சில்கள் வைக்கப்படுகின்றன.